பசிபிக் தீவுகளின் சிப்பிப்பணம்: எதைச் சேகரிப்பது, எதை விடுவது

பல ஆண்டுகளாக நாணயங்கள் சேகரித்துவரும் ஒருவர், இனிப் பசிபிக் தீவுகளின் சிப்பிப்பணத்தையும் பழங்குடி அணிகலன்களையும் சேகரிக்க விரும்புவதாக எழுதியிருக்கிறார். எதில் தொடங்குவது, பழமையான அசலைப் புதிய போலியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது, அவற்றை இந்தியாவுக்குள் சட்டப்படி கொண்டுவர முடியுமா என்பன அவருடைய கேள்விகள். இரண்டாவது கேள்வியில் பழையது அசல், புதியது போலி என்ற எண்ணம் அடங்கியிருக்கிறது. நாணயத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும், சிப்பிப்பணத்துக்குப் பொருந்தாது. பசிபிக் தீவுகளில் இந்தப் பணங்களில் சில இன்றும் செய்யப்படுகின்றன, பரிசமாகக் கொடுக்கப்படுகின்றன, ஈமச்சடங்கில் பங்கிடப்படுகின்றன. சென்ற ஆண்டு கோத்த சரம் முழு அசலாக இருக்கலாம். நூறாண்டு பழமை கொண்ட ஒரு வட்டு ஐரோப்பியத் தொழிற்சாலையில் வார்த்த பீங்கானாக இருக்கலாம். எனவே ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் அதன் வயதைக் கேட்பதற்கு முன், அது யாரால், எந்தக் கொடுக்கல் வாங்கலுக்காகச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. கீழே சொல்வதெல்லாம் அதன் விரிவுதான்.

சாலமன் தீவுகளில் மலைட்டா என்னும் தீவின் மேற்குக் கரையில், ஆக்கி நகரத்துக்குத் தெற்கே, லங்கலங்கா காயல் இருக்கிறது. அதன் ஆழமற்ற நீரில் பவளக் கற்களைக் குவித்து எழுப்பிய சிறு செயற்கைத் தீவுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மக்கள், பயிரிட நிலம் குறைவாக இருந்ததால், பணம் செய்வதையே தொழிலாகக் கொண்டு, அதைக் கொடுத்து மலைநாட்டவரிடம் கிழங்கும் பன்றியும் வாங்கினார்கள். அவர்கள் செய்யும் பணங்களில் பெரியது தஃபுலியாயே. ஏறத்தாழ ஒரு ஆள் இரு கைகளையும் விரித்தால் வரும் நீளத்துக்குப் பத்துச் சரங்களை ஒன்றாகக் கட்டி, இடையிடையே குறுக்குச் சட்டங்களால் பிரித்து வைத்திருப்பார்கள். அதில் சிவப்பு மணிகள் ரோமு என்ற கிளிஞ்சலிலிருந்தும், வெள்ளை மணிகள் நம் கழிமுகங்களிலும் கிடைக்கும் இரத்தக் கிளிஞ்சலிலிருந்தும், கறுப்பு மணிகள் குரிலா என்ற பெரிய சிப்பியிலிருந்தும் வருகின்றன. ரோமுவைச் சூட்டில் வாட்டினால்தான் அதன் செந்நிறம் எழும்பும். அந்தச் சிவப்பு எவ்வளவு உள்ளதோ அவ்வளவு மதிப்பு. சிப்பியைத் தட்டிச் சில்லுகளாக உடைத்து, ஓரத்தைக் கொத்தி வட்டமாக்கி, தேய்த்துத் தட்டையாக்கி, துளையிட்டு, நூலில் கோத்து, பின்பு முழுச் சரத்தையும் பள்ளம் வெட்டிய கல்லில் இழுத்து இழுத்துத் தேய்ப்பார்கள். அப்போதுதான் எல்லா மணிகளும் ஒரே பருமனுக்கு வரும். இந்த வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. மலைட்டாவின் பிற மக்கள் பரிசத்துக்கும் பகை தீர்க்கும் ஈட்டுக்கும் இதை வாங்குகிறார்கள். பூகேன்வில் தீவுக்கும் இது ஏற்றுமதியாகிறது.

இதன் மதிப்பு அரிய பொருளால் வந்ததன்று, உழைப்பால் வந்தது. நம் நாட்டில் வழங்கிய சோழி மாலத்தீவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து, எண்ணி எண்ணிச் செலவான சில்லறை. அதில் கைவேலை இல்லை. லங்கலங்காச் சரத்திலோ ஒவ்வொரு மணியும் ஒருவர் விரலுக்கு அடியில் உருண்டு வந்தது. ஆகவே அங்கே இன்று செய்து இன்று விற்கும் ஒரு தஃபுலியாயேயைப் புதியது என்பதற்காக ஒதுக்குவது பொருளற்றது. தேட வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: பயணிகளுக்கு விற்பதற்கென்று அதே பெண்கள் செய்யும் கழுத்தணிகளும் காதணிகளும் பணமாக வழங்கத் தக்கவை அல்ல; சர எண்ணிக்கை, நிற வரிசை, நீளம் ஆகியவற்றில் அவை மரபைப் பின்பற்றுவதில்லை. அவற்றையும் வாங்கலாம், செய்தவருக்கு அது நேர்மையான வருமானம். ஆனால் அணிகலன் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பணம் என்று எழுதாதீர்கள்.

பழமைக்கும் மதிப்புக்கும் உள்ள உறவு ஒவ்வொரு தீவிலும் மாறுவது நாணயக்காரருக்கு வியப்பளிக்கும். சாலமன் தீவுகளின் கிழக்குக் கோடியில் உள்ள சாண்டா குரூஸ் தீவுகளில் சிப்பிக்குப் பதிலாகச் செந்நிறத் தேனுண்ணிப் பறவையின் இறகால் பணம் செய்தார்கள். சுமார் 10 மீட்டர் நீளமுள்ள நாடாவில், புறா இறகால் ஆன சிறு தகடுகளை அடுக்கி, அவற்றின் மேல் சிவப்பு இறகை ஒட்டி, இரட்டைச் சுருளாகச் சுற்றி வைப்பார்கள். ஒரு சுருளுக்கு முந்நூறு பறவைகள் வரை வேண்டியிருந்தன. செய்யும் உரிமை பரம்பரை வல்லுநர் சிலருக்கு மட்டுமே இருந்தது. அந்தப் பணம் நிறம் மங்க மங்க மதிப்பிழந்தது, பழையதென்றால் மலிவு. இன்று ஏலங்களில் சிவப்பு முற்றிலும் போய்ப் பழுப்பேறிய சுருள்களைத் தொன்மை என்ற பெயரில் பெரும் விலைக்கு விற்கிறார்கள். செய்தவர்களின் கணக்கில் அவை கிட்டத்தட்டச் செல்லாக்காசு. நேர்மாறாக, பப்புவா நியூ கினியின் கிழக்கு முனையைச் சுற்றிய தீவுகளில் குலா என்னும் கொடைச் சுற்றில் வழங்கும் வளைகளும் கழுத்தணிகளும் கை மாறக் கை மாறப் பெயரும் வரலாறும் பெற்று மதிப்பு உயர்பவை. அதே கடற்பகுதியிலுள்ள ராசல் தீவின் ந்தாப் சிப்பிகளில் இருபதுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு. உயர்ந்த படியைச் சேர்ந்தவை எண்ணிக்கையில் மிகச் சில, தனித்தனியே அடையாளம் உடையவை, தலைவர்கள் கையை விட்டு வெளியே வராதவை. அவற்றில் ஒன்று உங்களிடம் விலைக்கு வந்தால், விற்பவர் பொய் சொல்கிறார் அல்லது திருடியிருக்கிறார் என்று கொள்வது பாதுகாப்பானது.

குலாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேகரிப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவதும், அதிகம் தவறு செய்வதும் இதில்தான். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1915க்கும் 1918க்கும் இடையில் இரு முறை அப்பகுதியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி எழுதியதன் வழியாக உலகம் அறிந்த பரிமாற்றம் இது. கூம்புச் சங்கை அறுத்துச் செய்த ம்வாலி என்னும் கைவளை தீவுக் கூட்டத்தைச் சுற்றி ஒரு திசையிலும், சிவப்புச் சிப்பி வட்டுகளைக் கோத்த சோலவா என்னும் கழுத்தணி எதிர்த்திசையிலும் பயணம் செய்யும். பாகி என்றும் இந்தக் கழுத்தணிக்குப் பெயருண்டு. பெற்றவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. தக்க கூட்டாளிக்குத் தந்தாக வேண்டும். இந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் ஒரு வளைக்குப் பின்னால் பல தீவுகளில் பலருடைய எதிர்பார்ப்பும் கடனும் கட்டப்பட்டிருக்கும். கையில் வைத்திருப்பவர் அதைப் பணத்துக்கு விற்றால், அவர் தமக்கு முழுதும் சொந்தமில்லாததை விற்கிறார். ஆனால் கிடூம் என்று ஒரு நிலை இருக்கிறது: ஒருவர் தாமே செய்ததோ வேறு வழியில் முழு உரிமையாகப் பெற்றதோ ஆன வளை அல்லது கழுத்தணி. அதைப் பாதையில் விடவும், பன்றிக்கோ படகுக்கோ மாற்றவும், விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. ம்வாலி வாங்க விரும்புகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது கிடூமா, யாருடைய கிடூம் என்பதே. ஐரோப்பிய வணிகர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சொல்லே தெரியாது. தெரியாதவரிடம் குலாப் பொருள் வாங்காமல் இருப்பது என் வழக்கம்.

குலாப் பொருள்களில் ஞெகிழி மணிகளும் புதிய நூலும் தொங்குவதைக் கண்டு அவற்றைப் போலி என்று தள்ளிவிடுவோரும் உண்டு. வெண்முட்டைச் சோழி, காட்டு வாழை விதை, வணிகர் கொண்டுவந்த கண்ணாடி மணி என்று ஒவ்வொரு காலத்திலும் கிடைத்ததைக் கட்டி அழகுபடுத்துவதே அங்கு மரபு. ஞெகிழி மணி இருப்பது அந்த வளை அண்மைக் காலம்வரை புழக்கத்தில் இருந்தது என்பதற்கான சான்று. அதைக் கழற்றிவிட்டுத் தூய்மைப்படுத்திய வளையைத்தான் நான் ஐயத்தோடு பார்ப்பேன்.

பப்புவா நியூ கினியைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் கிழக்கே ரபால் நகரைச் சுற்றி வாழும் டோலாய் மக்களின் தபு, தொடங்குவோருக்கு மிகப் பொருத்தமானது. நாசா என்னும் சிறு நத்தைச் சிப்பிகளின் முதுகுப் புடைப்பை உடைத்து, பிரம்பு நாரில் நெருக்கமாகக் கோத்து, இரு கை விரித்த நீளமாகிய பாகக் கணக்கில் அளப்பார்கள்; நம் மீனவர்கள் ஆழம் அளக்கும் அதே பாகம்தான். சந்தையில் வெற்றிலை பாக்குக்குச் சிறு துண்டு, பரிசத்துக்குப் பல பாகம் என்று இது அன்றாடச் செலவுக்கும் பெருஞ்சடங்குக்கும் ஒருசேரப் பயன்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய நிர்வாகம் ஐரோப்பிய வணிகர்கள் தபுவை ஏற்பதைத் தடை செய்தது. பணம் அதனால் சாகவில்லை, மாறாக நாட்டு நாணயமான கினாவோடு சேர்ந்தே இன்றும் வழங்குகிறது. செல்வர்கள் நூற்றுக்கணக்கான பாகங்களைச் சக்கர வடிவில் சுருட்டி இலையால் பொதிந்து சேமிப்பார்கள். அதற்கு லோலோய் என்று பெயர். உரியவர் இறந்ததும் சுருளை அறுத்து, வந்திருப்போருக்கெல்லாம் பங்கிட வேண்டும். பங்கிடாமல் செத்தவருக்குப் பெருமை இல்லை. ஆகவே உடையாத முழு லோலோய் ஒன்று வெளிநாட்டுச் சந்தையில் வந்தால், யாருடைய சாவுக்காகச் சேர்த்தது, எப்படி அறுபடாமல் வெளியே போனது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பாகம் நீளமுள்ள சரம் போதும். அது விற்கவே உரியது, அதனால் யாருக்கும் இழப்பில்லை.

மலிவாகவும் மனசாட்சிக்கு இடையூறின்றியும் கிடைக்கும் மற்றொன்று, நியூ கினி மேட்டுநிலத்தின் பிறைவடிவ முத்துச்சிப்பி. கினா என்ற அதன் பெயரையே பப்புவா நியூ கினி 1975இல் தன் நாணயத்துக்கு வைத்தது. அதன் நூறில் ஒரு பங்காகிய டோயாவும் மோட்டு மக்களின் கைவளையின் பெயரே. கடலே காணாத மலைவாழ் மக்களிடம் இந்தச் சிப்பிகள் கரையிலிருந்து கைமாறிக் கைமாறி மிகச் சிலவாகவே வந்து சேர்ந்தன. எனவே மிக உயர்வாகப் போற்றப்பட்டன. 1933இல் லேஹி சகோதரர்கள் ஹேகன் மலைப் பகுதிக்குள் நுழைந்தபோது, தங்கம் தேடும் தங்கள் முகாமுக்கு உணவும் வேலையாட்களும் பெற, விமானத்தில் சிப்பிகளை இறக்கினார்கள். அரசு அதிகாரிகளும் சமயப் பணியாளர்களும் அதையே செய்தார்கள். ஒரு தலைமுறைக்குள் சிப்பிகள் பெருகி, மோகா என்னும் போட்டிக் கொடையில் முன்பு ஒன்றிரண்டு கொடுத்த இடத்தில் பத்துக் கணக்கில் அடுக்கும் நிலை வந்தது. பின்பு காசும் காப்பித் தோட்டமும் வந்தபோது, ஹேகன் மக்கள் சிப்பியைக் கைவிட்டுப் பணத்தாளையும் பன்றியையும் மோகாவில் வைத்துக்கொண்டார்கள். பணவீக்கத்தால் வீழ்ந்த பணம் என்ற வகையில் பொருளியல் படித்தவர்களுக்கும் இது சுவையான பாடம். சேகரிப்பவருக்கு இதன் பயன், சடங்கிலிருந்து மக்களே வெளியேற்றிய இந்தச் சிப்பிகள் தாராளமாகச் சந்தைக்கு வந்துவிட்டன என்பது. பிசினால் ஆன பலகையில் பதித்துச் செம்மண் பூசியவை ஹேகன் பகுதியின் சிறப்பு. மார்பில் தொங்கவிடும் ஓமாக் என்ற மூங்கில் குச்சி ஏணியும் அப்பகுதியதே. ஒவ்வொரு குச்சியும் ஒரு தொகுதிச் சிப்பிகளைக் கொடையாகத் தந்ததற்கான கணக்கு. அணிந்தவரின் வள்ளன்மையை எண்ணிப் பார்க்கலாம் என்பதால், பணத்தைவிட இந்தக் கணக்குச் சீட்டையே நான் அதிகம் விரும்புகிறேன்.

இனிப் போலிகள். அதிகம் ஏமாற்றுபவை பழைய போலிகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும், தீவுகளில் நாய்ப் பல் மாலையும் கூம்புச் சங்கு வட்டும் பணமாகச் செல்வதைக் கண்ட வணிகர்கள், அவற்றைப் பீங்கானில் வார்த்துக் கப்பலில் கொண்டுபோனார்கள். அவற்றில் சில உள்ளூர் அணிகலன்களோடு சேர்ந்தே கோக்கப்பட்டன. அவை வணிக வரலாற்றின் சான்றாக மதிப்புள்ளவை, ஆனால் சிப்பி என்று சொல்லி விற்கக் கூடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். உண்மைச் சங்கு வட்டில் வளர்ச்சிக் கோடுகளும் மேல்முனைச் சுழியின் தடமும் இருக்கும், புழுக்கள் துளைத்த குழிகளும் இருக்கலாம். பீங்கானில் கோடுகளே இருக்காது, மெருகு சீராக இருக்கும், சில சமயம் அச்சின் விளிம்பு தெரியும். கொற்கை, அழகன்குளம் அகழாய்வுகளில் கிடைத்த அறுத்த சங்கு வளைத் துண்டுகளைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும்.

துளையும் பேசும். கையால் இயக்கும் துரப்பணத்தால் இருபுறமிருந்தும் குடைந்த துளை நடுவில் ஒடுங்கி உடுக்கை போலிருக்கும். இயந்திரத் துளை நேராக இருக்கும். ஆனால் நேரான துளையைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டக் கூடாது, பணம் செய்வோரும் இன்று இரும்பு முனைகளையும் புதிய கருவிகளையும் பயன்படுத்துகிறார்கள். நூல் உராய்ந்த தேய்மானம் துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருக்கிறதா, அது தொங்கும் எடையின் திசையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். செயற்கையாகத் தேய்ப்பவர்கள் எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ப்பார்கள். தேநீரிலும் புகையிலும் ஊறவைத்த பழுப்பு, பள்ளங்களில் தங்கும், மேட்டில் தங்காது. உடம்பின் எண்ணெய் ஏறிய மெருகு மேட்டில்தான் இருக்கும்.

கப்கப் என்னும் மார்பணியில் சிக்கல் இரட்டிப்பு. நியூ அயர்லாந்திலும் சாலமன் தீவுகளிலும் செய்யப்பட்ட இது, இராட்சதக் கிளிஞ்சலைத் தேய்த்த வெண்வட்டின் மேல், ஆமையோட்டில் நுண்ணிய துளைவேலைப்பாடு செய்த தகட்டைப் பொருத்தியது. ஆமையோட்டுக்குப் பதிலாக ஞெகிழியையோ கொம்பையோ வைத்த நகல்கள் ஏராளம். லென்ஸில் ஆமையோட்டின் நிறத்திட்டுகள் நுண்புள்ளிகளின் கூட்டமாகத் தெரியும். ஞெகிழியில் நிறம் கரைத்த சாயம்போல ஓடியிருக்கும். சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். அசலாக இருந்தால் நீங்கள்தான் அதைச் சிதைத்தவர்.

ஆனால் அசல் கப்கப்பை அடையாளம் காணத் தெரிந்தவருக்கும் என் அறிவுரை, இந்தியாவிலிருந்தபடி அதை வாங்க வேண்டாம் என்பதே. கடலாமைகள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. இராட்சதக் கிளிஞ்சல்கள் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. சுருள் ஓடுடைய கடலுயிரான நாட்டிலஸ் 2016ஆம் ஆண்டு மாநாட்டில் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. டுகாங் என்னும் கடற்பசு, திமிங்கலம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும், சொர்க்கப் பறவையின் இறகும்கூட இதே வலைக்குள் வரும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆமையோட்டையும் சில பெருங்கிளிஞ்சல்களையும் கடுமையாகக் காக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் பட்டியல்களையும் அச்சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1947 மார்ச் 3க்கு முன் செய்த பொருள்களுக்கும், அமெரிக்காவில் நூறாண்டு கடந்தவற்றுக்கும் சில விலக்குகள் உண்டு. அங்கே சட்டப்படி விற்கப்பட்டது என்ற காரணத்தால் இங்கே சட்டப்படி இறங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஐயம் இருந்தால், பொருளை அனுப்பச் சொல்வதற்கு முன்பே, சென்னையில் மண்டல அலுவலகம் வைத்திருக்கும் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவிடமும் சுங்கத் துறையிடமும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். முத்துச்சிப்பி, கூம்புச் சங்கு, நாசாச் சிப்பி, லங்கலங்காவின் சிவப்புக் கிளிஞ்சல் ஆகியவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. இருந்தாலும் சரத்தின் குறுக்குச் சட்டம் மரமா ஆமையோடா, குஞ்சத்தில் என்ன இறகு என்று விற்பவரிடம் கேட்டுப் புகைப்படம் பெற்றுக்கொள்வது நல்லது. ஒரு சிறு சட்டத்தால் முழுச் சரமும் பறிமுதலாகலாம்.

புறப்படும் நாட்டின் சட்டம் தனி. பப்புவா நியூ கினியில் 1965ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. பழம்பொருள்களை வெளியே கொண்டுசெல்ல, போர்ட் மோர்ஸ்பியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் அனுமதி தேவை. விடுதலைக்கு முன்பே வெளியேறிய பொருள் என்று விற்பவர் சொன்னால், அதைக் காட்டும் பழைய ஏலப் பட்டியலோ கடிதமோ புகைப்படமோ கேளுங்கள். பாட்டனார் அங்கே அதிகாரியாக இருந்தார் என்ற கதை மட்டும் ஆவணமாகாது.

தொடக்கத்தில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்டு அதில் ஆழ்வது நல்லது. லங்கலங்காச் சரம், டோலாய் தபு, ஹேகன் கினா என்ற மூன்றில் ஒன்று போதும். எல்லாத் தீவுகளிலும் ஒவ்வொன்று என்று அடுக்கினால் அது பொருட்காட்சிக் கடை போலாகிவிடும். சாலமன் தீவுகளின் ஹோனியாரா, ஆக்கி, நியூ பிரிட்டனின் கொகோபோ ஆகிய ஊர்களுக்குப் போகிறவர் யாரேனும் தெரிந்திருந்தால், அங்கே சந்தையில் செய்தவரிடமே நேரடியாக வாங்கச் சொல்லி, அவர் அனுமதித்தால் ஊர், சிப்பி வகை, எதற்குப் பயன்படும் அளவு என்பவற்றையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள், அறுந்த நாரை மாற்றிக் கோக்காதீர்கள். செம்மண்ணும் புகைக்கரியும் பழைய முடிச்சும்தான் நீங்கள் விலை கொடுத்து வாங்கியவை. மரப் பேழையும் சாதாரண அட்டைப் பெட்டியும் சிப்பிக்குப் பகை: அவற்றிலிருந்து எழும் அமில ஆவி, கடலோர ஊர்களின் ஈரக் காற்றோடு சேர்ந்து, சிப்பியின் சுண்ணாம்பை அரித்து வெண்பொடியாக்கும். பைன் நோய் என்று இதற்குப் பெயர் வழங்கினாலும் கிருமி எதுவும் இதில் இல்லை. பொடிந்த மேற்பரப்பை மீட்கவும் முடியாது. பூச்சு காய்ந்த எஃகு அலமாரி, அமிலமற்ற தாள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஆகியவை போதுமானவை. பழைய ஐரோப்பியத் தொகுப்புகளிலிருந்து வரும் நாரும் இறகும் கொண்ட அணிகளில் பூச்சிக்காக ஆர்சனிக், பாதரசச் சேர்மங்கள் தடவியிருக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். குழந்தைகளின் கழுத்தில் போட்டுப் புகைப்படம் எடுக்கவும் வேண்டாம்.